ஆர்னெஸ்ஹ்ரெப்பூர், ஐஸ்லாந்து: 643-ஆம் சாலையில் சின்னக் கார் போகுமா?

நீலத்திமிங்கிலம் கேட்டது:

ஜூலை மூன்றாம் வாரம். ரெய்க்யவிக்கிலிருந்து வாடகைக் கார், இரண்டு பேர், நான்கு இரவு. போக நினைக்கும் இடம் மேற்கு ஃபியோர்டுகளின் (ஃபியோர்டு என்றால் நிலத்துக்குள் நீளும் ஒடுக்கமான கடற்குடா) கிழக்குக் கரையான ஸ்ட்ராண்டிர், அதிலும் வடகோடியில் இருக்கும் ஆர்னெஸ்ஹ்ரெப்பூர் ஊராட்சி. டியூபாவிக்கில் ஒரு இரவும் நோர்துர்ஃபியோர்துரில் மூன்று இரவும் என்று திட்டம். வழக்கமான பயணக் கட்டுரைகள் எல்லாம் "உலகின் விளிம்பு" என்று உருகுவதோடு நின்றுவிடுகின்றன. எனக்கு வேண்டியது நடைமுறைத் தகவல்.

முன்பதிவு செய்திருப்பது முன்சக்கர இயக்கம் கொண்ட சின்னப் பெட்ரோல் கார். அங்கே போகும் 643-ஆம் சாலைக்கு அது போதுமா, நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்ற வேண்டுமா? பெட்ரோல் எங்கே போடுவது? வரைபடச் செயலியில் "ரேய்க்யார்ஃபியோர்துர்" என்று தேடினால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தைக் காட்டுகிறது, ஏன்? இன்னும் வடக்கே இருக்கும் ஓஃபேய்க்ஸ்ஃபியோர்துர் வரை காரில் போக முடியுமா? கடைசியாக ஒன்று: ஐம்பது பேரைச் சுற்றியே மக்கள்தொகை உள்ள ஓர் ஊராட்சி எதை வைத்து ஓடுகிறது? போய் இறங்குவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது மரியாதை என்று தோன்றுகிறது.

---

கற்சாலை பதில்:

கார் போதும். ஜூலையில், மழை கொட்டாத நாளில், 643-இல் சின்னக் காரை ஓட்டலாம். நான்கு சக்கர இயக்கத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசை நல்ல டயருக்கும் சரியான காப்பீட்டுக்கும் கொடுங்கள். இந்தச் சாலையில் காரைக் கெடுப்பது பெரும்பாலும் கல்தான். சேற்றில் மாட்டுகிறவர்கள் அபூர்வம்.

வழி: ஒன்றாம் எண் வளையச் சாலையில் வடக்கே போய், பிஃப்ரோஸ்ட் தாண்டியதும் 60-இல் இடப்பக்கம் திரும்புங்கள். பிரட்டாபிரெக்கா கணவாய், பூதர்தாலூர், பிறகு கில்ஸ்ஃபியோர்துர் பாலம். அதைக் கடந்து கொஞ்ச தூரத்தில் 61 பிரியும். அது திரோஸ்குல்டார் மேட்டைக் கடந்து ஹோல்மாவிக் என்ற சிற்றூர் பக்கம் இறங்கும். அதுவரை தார்ச்சாலைதான். சுமார் 230 கிலோமீட்டர். செயலி சில நேரம் ஹ்ரூட்டாஃபியோர்துர் வழியாக 68-ஐப் பிடிக்கச் சொல்லும். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் சாலை பழசு, குறுகல். காலையிலேயே களைத்துப்போகத்தான் அந்த வழி உதவும்.

ஹோல்மாவிக்கைத் தாண்டி, ஃபியோர்டின் உட்கோடியை நெருங்கும்போது 643 பிரிகிறது. பியார்னர்ஃபியோர்துருக்கு வடக்கே கரைச்சரிவை ஒட்டிய சரளைப் பாதை. ஹோல்மாவிக்கிலிருந்து டியூபாவிக் ஏறத்தாழ 70 கிலோமீட்டர், நோர்துர்ஃபியோர்துர் ஏறத்தாழ 100. செயலி சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள். சரளையில் சட்டப்படி 80 வரை போகலாம். ஆனால் இந்தச் சாலையில் உண்மையான வேகம் 40 முதல் 60. நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் நேரம் சேராமலே கடைசி 100 கிலோமீட்டருக்கு இரண்டேகால் மணி நேரம் வையுங்கள்.

சாலையில் கவனிக்க வேண்டியது இவை.

தார் முடியும் இடத்தில் "மால்பிக் எண்டார்" என்று பலகை இருக்கும். அதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். 90-இல் வந்து சரளையில் நுழைந்து பிரேக் போடுகிறவர்கள்தான் பள்ளத்தில் கிடக்கிறார்கள். "பிளிண்ட்ஹைத்" என்றால் எதிர்ப்புறம் தெரியாத மேடு. நடுவில் ஓட்டாமல் வலப்பக்கம் ஒட்டியே ஏறுங்கள். "எயின்பிரேய்த் ப்ரூ" என்றால் ஒரு வண்டி மட்டும் போகும் பாலம். பாலத்துக்கு அருகில் இருக்கும் வண்டி முதலில் போவது வழக்கம். சந்தேகம் வந்தால் நீங்களே நின்றுவிடுங்கள்.

மழை நின்று வெயில் காய்ந்து சில நாள் ஆனால் சரளை வரிவரியாக எழும்பி, சலவைக்கல்லில் தேய்ப்பதுபோலக் கார் அதிரும். அந்த அதிர்வில் பின்சக்கரம் வளைவில் மெதுவாக வெளிப்பக்கம் நழுவும். ஓட்டுகிறவருக்கு அது உடனே தெரியாது. 45-க்குக் கீழே இறக்கினால் பிடிப்பு திரும்பும். எதிரே வண்டி வந்தால் இருவருமே வேகத்தைக் குறைக்க வேண்டும். நீங்கள் மட்டும் குறைத்தால் உங்கள் கண்ணாடியில்தான் கல் விழும்.

டயர்: வண்டியை எடுக்கும்போதே பின்பெட்டியின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். இப்போது பல கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பசை நுரைக் குப்பியும் காற்றடிக்கும் சின்னப் பம்பும்தான் இருக்கும். ஆணி குத்தினால் நுரை அடைக்கும். கூர்க்கல் டயரின் பக்கச் சுவரைக் கிழித்தால் அந்தக் குப்பி எதற்கும் ஆகாது, கடைசியில் இழுவை வண்டிதான். அருகில் உதவி கிடைக்கும் இடம் ஹோல்மாவிக். மாற்றுச் சக்கரம், ஜாக்கி, சக்கரச் சாவி மூன்றும் இருக்கும் வண்டியையே கேட்டு வாங்குங்கள்.

காப்பீடு: சரளைக்கல் சேதத்துக்கான பிரிவு அவசியம். முன்கண்ணாடி, விளக்கு, பெயின்ட் ஆகியவை அதில் அடங்கும். வழக்கமான பிரிவுகளில் பெரும்பாலும் அடங்காதவை இரண்டு. ஆறு கடக்கும்போது அடிப்பகுதிக்கும் இயந்திரத்துக்கும் வரும் சேதம் ஒன்று. காற்று பிடித்து இழுத்துக் கதவு மடங்குவது மற்றொன்று. ஸ்ட்ராண்டிரில் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம். வண்டியின் மூக்கு காற்றைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். இருவரும் ஒரே நேரத்தில் எதிரெதிர்க் கதவைத் திறக்காதீர்கள், காற்று வண்டிக்குள் புகுந்து வெளியேறும்.

சாலையின் பலவீனமான இடங்கள் இரண்டு. ஒன்று வேய்திலேய்சுஹால்ஸ். டியூபாவிக்குக்கு முன் ஏறி இறங்கும் மேடு. குளிர்காலத்தில் சாலை மூடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஜூலையில் பனி இருக்காது, ஆனால் மேகம் வந்து உட்கார்ந்துவிடும். மற்றது டியூபாவிக்குக்கும் கியோகுருக்கும் இடையே இருக்கும் கியோர்வோக்ஸ்லீத் சரிவு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உதிரும் மலை. கனமழை பெய்தால், அதற்கு அடுத்த சில மணி நேரமும், சாலையில் கல் கிடக்கும், சில சமயம் மண்சரிவே வரும். அங்கே படம் எடுக்க நிறுத்தாதீர்கள்.

தினமும் கிளம்பும் முன் உம்ஃபெர்டின்.இஸ் தளத்தில் சாலை நிலையைப் பாருங்கள். சாலைத் துறையின் 1777-ஐ அழைத்தும் கேட்கலாம். வானிலைக்கு வெதுர்.இஸ். அதில் கியோகுர் நிலையத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஹோல்மாவிக்கின் வானிலையை வைத்து ஆர்னெஸ்ஹ்ரெப்பூரைக் கணிக்க முடியாது. வடகிழக்குக் காற்று அடித்தால் ஹோல்மாவிக்கில் வெயில் இருக்கும்போதே இங்கே கடல்மூடுபனியும் 6 டிகிரியும் இருக்கும்.

---

வரைபடப்பித்தன் பதில்:

ரேய்க்யார்ஃபியோர்துர் குழப்பம் உங்கள் செயலியின் தவறல்ல. மேற்கு ஃபியோர்டுகளில் மட்டும் அந்தப் பெயரில் நான்கு இடங்கள் உண்டு. டியூபாவிக் இருக்கும் ஃபியோர்டு ஒன்று. ஹோர்ன்ஸ்ட்ராண்டிர் பக்கம், சாலையே இல்லாத வடக்கு ரேய்க்யார்ஃபியோர்துர் இரண்டு. ஈசாஃபியார்தர்டியூப்பில் மூன்று. தெற்கே ஆர்னர்ஃபியோர்துரில், வழியோரக் குளம் இருக்கும் இடம் நான்கு. "ரேய்குர்" என்றால் புகை. வெந்நீர் ஊற்றிலிருந்து ஆவி கிளம்பினால் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். "ஆர்னெஸ்" என்று தேடினாலும் இதே கதைதான், தெற்கு ஐஸ்லாந்தில் ஓர் ஆர்னெஸ் இருக்கிறது. அதனால் ஃபியோர்டின் பெயரைத் தேடாதீர்கள். "டியூபாவிக்", "நோர்துர்ஃபியோர்துர்" என்று ஊரைத் தேடி, 643 என்ற எண் வருகிறதா என்று சரிபாருங்கள்.

பெயரின் கடைசிப் பகுதியைப் படிக்கப் பழகினால் வரைபடமே பாதி வழி சொல்லிவிடும். "விக்" சின்ன வளைகுடா, "ஹால்ஸ்" இரண்டு ஃபியோர்டுக்கு நடுவே ஏறி இறங்கும் மேடு, "லீத்" மலைச்சரிவு, "நெஸ்" கடலுக்குள் நீளும் முனை, "எய்ரி" கூழாங்கல் திட்டு. ஹால்ஸ் என்று வந்தால் மேகமும் காற்றும், லீத் என்று வந்தால் கல் உதிர்வு.

ஊராட்சியில் குடியிருப்புகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள், திட்டமிட உதவும். தெற்கிலிருந்து வந்தால் முதலில் டியூபாவிக்: ஒரு தொழிற்சாலை, ஒரு விடுதி, சில வீடுகள், ஓர் அருவி. ஹெர்ரிங் மீனை எண்ணெயும் தூளுமாக ஆக்கும் அந்தத் தொழிற்சாலை 1934-35-இல் கட்டப்பட்டது. மூன்று தளம், 90 மீட்டர் நீளக் கான்கிரீட். சாலையே இல்லாத கரையில், எல்லாப் பொருளையும் கப்பலில் கொண்டுவந்து எழுப்பினார்கள். மீன் வரத்து நின்றதும் 1954-இல் மூடினார்கள். மீன் உப்பிட வந்த பெண்கள் தங்கிய கட்டடம் 1985 முதல் விடுதி. கரையில் துருப்பிடித்துக் கிடக்கும் கப்பல் "சுதுர்லாண்ட்", ஆண் தொழிலாளர்களுக்குத் தங்குமிடமாக இருந்தது. தொழிற்சாலைக்குள் விடுதியார் கூட்டிப்போனால் மட்டும் போங்கள். எண்பது வருடத்துக்கும் மேலான கான்கிரீட்டில் கடல் உப்பு இறங்கி உள்கம்பி துருப்பிடித்து வீங்கியிருக்கிறது, கூரையிலிருந்து துண்டு துண்டாக விழும். கப்பலின் தகட்டின் மேல் ஏறுவதும் அப்படித்தான்.

அடுத்தது கியோகுர். பழைய சுறா வேட்டைத் துறை, இப்போது விமான ஓடுபாதை. பிறகு ட்ரெகில்லிஸ்விக். ஊராட்சியின் விவசாயப் பகுதி இதுதான். ஆர்னெஸில் சாலைக்கு இருபுறமும் இரண்டு தேவாலயங்கள் எதிரெதிரே நிற்கும். பழைய மரக்கட்டடம் 1850-ஐச் சேர்ந்தது, புதியது 1991. பழையதைப் பழுதுபார்ப்பதா புதிதாகக் கட்டுவதா என்று சபை இரண்டாகப் பிரிந்தது, கடைசியில் இரண்டுமே நடந்தது. புதியதன் கூரையைப் பார்த்துவிட்டு எதிரே உள்ள ரேய்க்யானெஸ்ஹிர்னா மலையைப் பாருங்கள், வடிவம் புரியும். அந்த மலை 316 மீட்டர்தான். ஏறுவதற்கு எளிது. மூடுபனி நாளில் மட்டும் வேண்டாம், கடல் பக்கம் செங்குத்து.

அதே வளைகுடாவில் கிஸ்டா என்று ஒரு பாறைப் பிளவு. 1654-இல் மூன்று ஆண்களைச் சூனியக் குற்றத்துக்காக எரித்த இடம். ஹோல்மாவிக்கில் இருக்கும் சூனிய அருங்காட்சியகத்தைப் போகும்போதே பார்த்துவிட்டு வந்தால் இந்த இடம் வெறும் பாறையாகத் தெரியாது.

டியூபாவிக் ஃபியோர்டில் இன்னொரு சங்கதி உண்டு. 1615 செப்டம்பரில் பாஸ்க் நாட்டுத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் மூன்று இங்கேதான் புயலில் உடைந்தன. கரையேறியவர்களில் பலர் பிறகு மேற்கு ஃபியோர்டுகளின் வேறு இடங்களில் கொல்லப்பட்டார்கள்.

கடைசியாக நோர்துர்ஃபியோர்துர்: துறைமுகம், கடை, பம்பு, முகாம் இடம். அங்கிருந்து சில கிலோமீட்டரில் குரோஸ்னெஸ் குளம். 1954-இல் கட்டியது, மேலே சரிவில் இருக்கும் ஊற்றிலிருந்து வெந்நீர் வருகிறது, குளத்தின் விளிம்புக்கும் அலைக்கும் நடுவே சில அடி கூழாங்கல்தான். ஐஸ்லாந்தின் எல்லாக் குளங்களிலும் உள்ள விதி இங்கேயும் உண்டு: நீச்சலுடை போடும் முன், உடையில்லாமல், சோப்புப் போட்டுக் குளித்துவிட்டே இறங்க வேண்டும். கூச்சப்பட்டு உடையோடு நனைத்துக்கொண்டு இறங்கினால் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அது கண்டிப்புக்காக வைத்த விதியல்ல, இயற்கை ஊற்றுநீர்க் குளங்களில் குளோரின் குறைவாகவே இருக்கும்.

---

உப்புக்காற்று பதில்:

எதை வைத்து ஓடுகிறது என்ற கேள்விக்கு நான்.

முதலில் ஆடு. செம்மறியை ஜூன் வாக்கில் மலைக்கு விட்டுவிட்டு, செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஓட்டிவந்து, ட்ரெகில்லிஸ்விக்கில் உள்ள மேலாரெட் பட்டியில் காதுக்குறி பார்த்துப் பிரிப்பார்கள். ஜூலையில் நீங்கள் பார்க்கப்போவது சாலையோர ஆடுகள்தான். தாய் ஒரு பக்கம், குட்டி எதிர்ப்பக்கம் நின்றால் அங்கேயே முழுதாக நிறுத்துங்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் குட்டி தாயிடம் ஓடும், எப்போதும் சாலைக்குக் குறுக்கேதான் ஓடும். அடிபட்டுவிட்டால் விட்டுவிட்டுப் போகக் கூடாது. பக்கத்துப் பண்ணையிலோ அவசர எண் 112-இலோ சொல்ல வேண்டும்.

அடுத்தது மீன். நோர்துர்ஃபியோர்துர் துறைமுகத்தில் கோடையில் சின்னப் படகுகள் நிறைய நிற்கும். 2009-இல் வந்த கரையோர மீன்பிடி முறைதான் காரணம். பெரிய ஒதுக்கீடு இல்லாதவரும் மே முதல் ஆகஸ்ட் வரை கடலுக்குப் போகலாம். விதிகள் இறுக்கம்: திங்கள் முதல் வியாழன் வரை மட்டும், மாதத்துக்கு 12 நாள், ஒரு பயணம் 14 மணி நேரத்துக்குள், தானியங்கித் தூண்டில் சுருள் நான்குக்கு மேல் கூடாது, ஒரு நாளைக்குக் காட் மீன் கணக்கில் 650 கிலோ. குடல் எடுக்காத காட் என்றால் 774 கிலோ. நாட்டுக்கான மொத்த அளவு தீர்ந்ததும் பருவம் பாதியிலேயே நின்றுபோகும். ஆகஸ்ட்டில் போகிறவர்கள் வெறும் துறைமுகத்தைப் பார்த்து ஏமாறுவது அதனால்தான். பிடித்த மீனை ஐஸ் போட்டு லாரியில் இதே 643 வழியாகத்தான் வெளியே அனுப்புகிறார்கள். சாலையின் நிலை மீனின் விலையையும் தொடும். நீங்கள் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மிதவை மரம். கரை நெடுக வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் அந்தக் கட்டைகள் சைபீரிய ஆறுகளிலிருந்து வந்தவை. ஊசியிலை மரங்களே பெரும்பாலும். தனியே மிதந்தால் நீர் ஏறி ஒன்றிரண்டு வருடத்திலேயே மூழ்கிவிடும். கடல்பனிக்குள் உறைந்து, பனியோடு சேர்ந்து ஆர்க்டிக்கைக் கடந்து வருவதால்தான் இங்கே வந்து சேர்கின்றன. வருடக்கணக்கில் உப்பில் ஊறிய கட்டை எளிதில் உளுக்காது. வேலிக் கம்பத்துக்கு அதை விட்டால் வேறில்லை. ஆப்பு அடித்து நீளவாக்கில் பிளப்பார்கள். மணலும் கல்லும் பொதிந்த கட்டையில் ரம்பம் வைத்தால் பல் போய்விடும், அதனால் முதலில் கோடரியால் மேல்தோலைச் சுரண்டுவார்கள். ஓஃபேய்க்ஸ்ஃபியோர்துரில் 1875-இல் இந்த மரத்தாலேயே சுறாப் படகு கட்டினார்கள். "ஓஃபேய்குர்" என்ற அந்தப் படகு ஹ்ரூட்டாஃபியோர்துரின் ரேய்கிர் அருங்காட்சியகத்தில் முழுதாக நிற்கிறது. கடல்பனி குறையக் குறைய மரவரத்தும் குறைகிறது.

இதில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. கரையில் கிடப்பதால் யாருடையதும் இல்லை என்று நினைக்காதீர்கள். எந்தப் பண்ணையின் கரையோ அந்தப் பண்ணையின் சொத்து. 1281-இன் யோன்ஸ்போக் சட்டத்திலேயே இதற்குத் தனிப் பகுதி உண்டு. நினைவுப்பொருளாகச் சின்னத் துண்டு எடுப்பதும், கரையில் தீ மூட்டுவதும் இங்கே திருட்டுக் கணக்கு. கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

நான்காவது எய்டர் வாத்தின் இறகுப்பஞ்சு. ஒரு கிலோவுக்கு அறுபது கூடு வேண்டும். முட்டையிடும் காலத்தில் கொடி நட்டிருக்கும் இடங்களுக்குள் நுழைய வேண்டாம். நீங்கள் போகும் வாரத்தில் வாத்துகள் குஞ்சுகளோடு தண்ணீரில் இருக்கும், பாதி ஆபத்து முடிந்தது. ஆனால் ஆர்க்டிக் ஆலா இன்னும் கோபத்தில் இருக்கும். தலைக்கு மேல் ஒரு குச்சியை உயர்த்திப் பிடித்தபடி நடங்கள், அது உயரமான புள்ளியைத்தான் கொத்தும்.

குளிர்காலம்: ஜனவரி முதல் மார்ச் வரை 643-இல் பனி அகற்றும் பணி மிகக் குறைவு. நெடுங்காலம் அந்த மாதங்களில் அகற்றுவதே இல்லை என்பதே விதியாக இருந்தது. அப்போது கியோகுருக்கு வரும் சின்ன விமானம்தான் கடிதம், மருந்து, பால் எல்லாம். அரசு மானியத்தில் ஓடும் தடம் அது.

கடை: கூட்டுறவுக் கடை 2018-இல் மூடியது. அடுத்த வருடம் ஊர்க்காரர்களும் வெளியூர் ஆதரவாளர்களும் பங்கு போட்டு மறுபடி திறந்தார்கள். பெருங்கடையில் வாங்கிய ஒரு வாரச் சாப்பாட்டை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, கடையில் ஒரு சாக்லேட் மட்டும் வாங்குவது அழகல்ல. காய்கறி, சிறப்பு உணவு, மருந்து வெளியிலிருந்து கொண்டுபோங்கள். ரொட்டி, பால், வெண்ணெய், காபி அங்கே வாங்குங்கள். திறக்கும் நேரத்தைக் கதவில் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் மாலை ஏழு மணிக்குப் போய் நிற்காதீர்கள்.

இன்னொன்று, யாரும் எழுதாதது. இந்த ஊராட்சியில் ஓடும் ஹ்வாலா ஆற்றில் 55 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்று பல வருடமாகப் பேச்சில் இருக்கிறது. அந்தச் சண்டை முற்றித்தான் 2018 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் 18 பேர் திடீரென்று இந்த ஊராட்சிக்கு முகவரியை மாற்றினார்கள். பெரும்பாலான மாற்றங்களை மக்கள் பதிவுத் துறை ரத்து செய்தது. ஐம்பது பேர் ஊரில் 18 என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாலையும் மின்சாரமும் வரும் என்று ஆதரிப்பவர்களும், அருவிகள் வற்றும் என்று எதிர்ப்பவர்களும் ஒரே காபிக்கடையில்தான் உட்காருகிறார்கள். அந்தப் பேச்சை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

---

திசைகாட்டி பதில்:

கற்சாலை சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். "கார் போதும்" என்பது நோர்துர்ஃபியோர்துர், குரோஸ்னெஸ் வரைக்கும்தான். கேள்வியில் ஓஃபேய்க்ஸ்ஃபியோர்துரும் இருக்கிறது. அதற்கு அந்தக் கார் போதாது.

ட்ரெகில்லிஸ்விக் பக்கம் இருக்கும் மேலாரிலிருந்து பிரிந்து மேட்டைக் கடந்து இங்கோல்ஃப்ஸ்ஃபியோர்துரில் எய்ரிக்கு இறங்கலாம். அங்கே இன்னொரு கைவிடப்பட்ட ஹெர்ரிங் தொழிற்சாலை. அதுவரை காய்ந்த நாளில் சின்னக் கார் மெதுவாகப் போய்விடும். அதற்கு அப்பால் பாதை எண்ணுக்கு முன் "எஃப்" சேர்ந்துவிடும், அதாவது கரடுமுரடான மலைப்பாதை. எஃப் பாதையில் நான்கு சக்கர இயக்கம் இல்லாத வாடகைக் காரை ஓட்டினால் ஒப்பந்தம் முறிந்துபோகும், காப்பீடு ஒரு பைசாவுக்கும் ஆகாது. பாதை அலைக்கு ஒட்டியே போகும். ஈரமான பாறைகள், ஓடைகள். எய்ரியில் காரை விட்டுவிட்டு நடங்கள். போகவர முழு நாள் ஆகும். ஓடையைக் கடக்க மாற்றுச் செருப்பு ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். காலுறையைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் இறங்க வேண்டாம், கல் வழுக்கும், பனிநீரில் கால் ஒரு நிமிடத்தில் மரத்துவிடும்.

கைப்பேசி: ஊர்களில் சிக்னல் கிடைக்கும். ஃபியோர்டுகளுக்கு நடுவே, குறிப்பாக வேய்திலேய்சுஃபியோர்துர் சுற்றி, விட்டு விட்டுத்தான். வரைபடத்தை ஹோல்மாவிக்கிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஐஸ்லாந்தின் 112 செயலியையும் போட்டுவையுங்கள். அவசரம் வந்தால் அது உங்கள் இருப்பிடத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பும். குரல் அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும். நடக்கக் கிளம்பும் முன் சேஃப்டிராவல்.இஸ் தளத்தில் திட்டத்தைப் பதிந்து, தங்கும் இடத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மீட்புப் படை என்பது அங்கே தன்னார்வலர்கள்தான். மேய்ச்சலில் இருக்கும் ஆட்டை விட்டுவிட்டு உங்களைத் தேட வருகிறவரும் அதே பண்ணைக்காரர்தான்.

இருட்டு பற்றிக் கவலைப்பட வேண்டாம், 66 டிகிரி அட்சரேகை, ஜூலை மூன்றாம் வாரத்தில் நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும். அதுவே ஒரு பொறியும்கூட. மணி தெரியாமல் ஓட்டிக்கொண்டே போய், இரவு பதினொன்றுக்கு அரைத்தூக்கத்தில் கியோர்வோக்ஸ்லீத்தில் இருப்பீர்கள்.

வண்டியிலேயே படுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முகாம் இடத்துக்கு வெளியே, நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் வண்டியில் இரவு தங்குவது சட்டப்படி கூடாது.

---

நீலத்திமிங்கிலம்:

எல்லோருக்கும் நன்றி. எய்ரியிலிருந்து நடப்பது என்று முடிவு செய்துவிட்டேன். பெட்ரோல் மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. நோர்துர்ஃபியோர்துரில் பம்பு உண்டு என்கிறீர்கள், நம்பலாமா?

---

கற்சாலை:

இருக்கிறது, ஆனால் அதைக் கையிருப்பாக மட்டும் வையுங்கள். ஹோல்மாவிக்கில் முழுதாக நிரப்புங்கள். கணக்கு இது: ஹோல்மாவிக்கிலிருந்து குரோஸ்னெஸ் போய்த் திரும்ப சுமார் 210 கிலோமீட்டர். எய்ரி, கியோகுர், மூன்று நாள் அங்குமிங்கும் சேர்த்து இன்னொரு 120 வையுங்கள். சரளையில் சின்னக் கார் 100 கிலோமீட்டருக்கு 7 அல்லது 8 லிட்டர் குடிக்கும். மொத்தம் 26 லிட்டர். உங்கள் தொட்டி 35-க்குக் குறையாது. பம்பையே தொடாமல் திரும்பலாம்.

ஆளில்லாப் பம்புகளில் தவறுவது பெட்ரோல் அல்ல, அட்டை. நான்கு இலக்க ரகசிய எண் இல்லாத அட்டையைப் பம்பு ஏற்காது. கைப்பேசியைத் தட்டிச் செலுத்துவதும் எல்லாப் பம்பிலும் நடக்காது. "முழுத் தொட்டி" என்று அழுத்தினால் பெருந்தொகையை முதலில் பிடித்துவைத்துவிட்டு, மிச்சத்தை விடுவிக்கச் சில நாள் எடுக்கும். பணம் குறைவாக இருக்கும் பற்று அட்டை என்றால் அங்கேயே முடங்கிவிடும். தொகையைக் குறிப்பிட்டுப் போடுங்கள். இரண்டு பேருக்கும் வெவ்வேறு வங்கி அட்டை இருக்கட்டும்.

---

உப்புக்காற்று:

வழியில் டிராங்ஸ்னெஸ் பக்கம் 645-இல் திரும்பினால் அங்கேயும் பம்பு உண்டு. திரும்பி வரும்போது, பெட்ரோல் போடாவிட்டாலும், கடலோரச் சுவரை ஒட்டி வெந்நீர்த் தொட்டிகள் இருக்கின்றன. எதிரே சாலைக்கு மறுபுறம் குளிக்கும் அறை. அங்கே குளித்துவிட்டு ஈரத்தோடு சாலையைக் கடக்க வேண்டும், காற்று இருந்தால் துண்டை விடாதீர்கள்.